மூத்தவருக்கு ஆகாத நட்சத்திரம்

கோகிலவாணி சாமியிடம் பொய் சொல்லத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மற்ற இடங்களில் அவள் பொய்யே பேசமாட்டாள் என்று நான் எழுதினால் நம்பாதீர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள் அவள். சரக்கு வாங்க வருகிற பையரிடம் ஒரு பொய்யும் டெய்லர்களிடம் ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதெல்லாம் தொழில். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார் அல்லவா, அங்கே சொல்கிற பொய்தான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. "கோகிலவாணி, விருச்சிக ராசி, அனுஷம்" என்பாள். பேரும் ராசியும் சரி. நட்சத்திரம் மட்டும் அனுஷம் இல்லை, கேட்டை.

கேட்டையில் பிறந்த பெண் வந்தால் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. மூலத்துக்கு மாமனாரைச் சொல்வார்கள், ஆயில்யத்துக்கு மாமியாரை. இதை எந்த மகராசன் எப்போது கண்டுபிடித்தானோ, எத்தனை பெண்கள் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தார்களோ தெரியாது. காங்கேயம் பக்கத்தில் மழையை நம்பி மேட்டாங்காடு வைத்துப் பிழைத்தவர் அவள் அப்பா பொங்கியண்ணன்; அவர் வீட்டுக்கு, மகளைப் பெண் பார்க்க வந்த இடங்களெல்லாம் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போயின. அண்ணன் இல்லாத மாப்பிள்ளையாகப் பார்த்தால் தீர்ந்தது என்பீர்கள். பார்க்காமலா இருந்தார்கள்? ஒருவன் குடிகாரன், இன்னொருவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி.

அப்போதுதான் வேலம்பாளையத்து சம்பந்தம் வந்தது. தாய் தகப்பன் இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர், சொந்தமாகப் பனியன் கம்பெனி. மூத்தவர் கதிர்வேலுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இளையவன் சதீஷ்குமாருக்குத்தான் பெண் தேடினார்கள். பொங்கியண்ணன் மகள் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி, கேட்டையை அனுஷமாக்கி ஜாதகம் எழுதிக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மகளின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அம்மா அவள் காதோடு சொன்னாள்.

"இனி ஆரு கேட்டாலும் அனுஷம்னுதான் சொல்லோணும். கோயல்லயும் அதேதான். மறந்துறாத கண்ணு."

அடுத்த நாள் முகூர்த்தத்தில், தகப்பன் ஸ்தானத்தில் கதிர்வேல்தான் நின்றார். ஆள் நல்ல உயரம், அகலம். சிரித்தால் மண்டபமே கேட்கும். கோபம் வந்தால் கண் சிவந்துவிடும். அவர் நிற்கிற இடத்தில் சதீஷ்குமார் நிற்பதே தெரியவில்லை. கோகிலவாணி குனிந்த தலை நிமிராமல் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இந்த மனுஷனுக்கா நான் எமனாக வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். அன்று பிடித்த பயம் அது.

கல்யாணமாகி சில மாதம்கூட ஆகவில்லை. அவினாசி ரோட்டில் கதிர்வேலின் வண்டியை ஒரு டெம்போ இடித்துத் தள்ளிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. சேதி வந்தபோது கோகிலவாணி சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே அடுப்படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. சதீஷ்குமார் அண்ணனைப் பார்க்க ஓடுவதா, பெண்டாட்டியைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றான். புதுப்பெண் எவ்வளவு பாசமாக இருக்கிறாள் பார் என்று அக்கம்பக்கத்தார் மெச்சிக்கொண்டார்கள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

தோள் கூடியதும் கதிர்வேல் ஊருக்கு அந்தப்பக்கம் மண்ணரையில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். மூத்தவர் எதற்காகப் பூர்வீக வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டுப் போகிறார் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. பழி அவர் மனைவி சுலோச்சனாவின் தலையில் விழுந்தது. அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டாள் என்று கல்யாண வீடுகளில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் ஏன் எதற்கென்று தெரியாமலே அதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கல் என்றால் கதிர்வேல் தம்பி வீட்டு வாசல்வரைக்கும் வருவார், நின்றபடி இரண்டு வார்த்தை பேசுவார், போய்விடுவார். கோகிலவாணியிடம் நேராகப் பேசியதே இல்லை. கொஞ்சம் கர்வி என்று அவளும் எண்ணிக்கொண்டாள்.

மூத்தவர் கண்ணுக்கு எட்டாமல் போனதும் அவளுக்குப் பயம் கூடியது. கம்பெனிக்கு வருகிறேன் என்றாள். சதீஷ்குமார், பெண்டாட்டிக்குச் சம்பாதிக்கிற ஆசை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டான். அவளை செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். நல்ல கண் அவளுக்கு. ஓட்டை, தையல் விட்டுப்போனது, எண்ணெய்க் கறை எதுவும் தப்பாது. ஆனால் அவள் அந்த மேஜையைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் வேறு: அங்கே உட்கார்ந்தால் ஆபீஸ் ரூம் கண்ணாடிக்கு அந்தப்புறம் கதிர்வேலின் நாற்காலி தெரியும். அவர் வர நேரமாகிவிட்டால் கையில் இருக்கிற பனியன் அப்படியே நிற்கும். வந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும். கூட வேலை செய்கிற பெண்கள் கேலி பண்ணினார்கள். "பெரியவரு வந்துட்டாருங்க, இனி அக்கா டீ குடிப்பாங்க" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வேறு என்ன செய்வது?

மகள் தேஜஸ்ரீ பிறந்தபோது, ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டது நட்சத்திரத்தைத்தான். ரேவதி என்றார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. கதிர்வேலுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இவளுக்குச் சோறு இறங்காது. அவருக்குச் சர்க்கரை வந்தது, இவள் கம்பெனி டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். பொங்கியண்ணன் செத்துப்போனார், அப்பனைக் கட்டிக்கொண்டு அழும்போதுகூட, இந்த மனுஷன் ஒரு பொய்யைச் சொல்லி என்னை இப்படிச் சிக்கவைத்துவிட்டாரே என்றுதான் நெஞ்சு குமுறியது. அதை யாரிடம் சொல்ல?

போன தை மாதம் ஒரு மத்தியானம், கண்ணாடிக்கு அந்தப்புறம் கதிர்வேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்தார். முதலில் பார்த்தது இவள்தான். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். இருதயக் குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாசியில் ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள்.

சுலோச்சனா குடும்பத்தோடு திருமுருகன்பூண்டி கோயிலுக்கு அர்ச்சனைக்கு வரச் சொன்னாள். வழியெல்லாம் கல்லில் உளி விழுகிற சத்தம். பட்டறை வாசல்களில் பாதி முடிந்த சாமிகள் கண் திறக்காமல் நின்றன. சன்னதியில் குருக்கள் ஒவ்வொருவராகக் கேட்டு வந்து கோகிலவாணியிடம் நின்றார். அவளுக்கு வாய் வரவில்லை. இவ்வளவு நாளும் சொன்ன பொய் சாமானிய நாட்களுக்கு. இது மூத்தவரின் உயிருக்கான அர்ச்சனை. இதிலும் பொய்யைச் சொன்னால், அனுஷத்தில் பிறந்த வேறு ஒருத்தியின் பேரில் அல்லவா அந்தப் பூ போய்ச் சேரும்? அவள் திணறுவதைப் பார்த்து சுலோச்சனாவே முந்திக்கொண்டாள்.

"அனுஷமுங்க சாமி. பாவம், பயந்து கெடக்குது அவ."

இது நடந்து இரண்டொரு நாளில், செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முனீஸ் ஒரு பேச்சை எடுத்தான். முனீஸ் நிட்டிங் மெஷின் ஃபிட்டர், விருதுநகர்ப் பக்கத்து ஆள். அவன் மனைவி ஜோதிகா அதே கம்பெனியில் டெய்லர். மற்றவர்கள் போனஸ் பணத்தில் வண்டி வாங்கினால் இவன் ஒரு டெலஸ்கோப் வாங்கி வைத்திருந்தான், அதற்காக ஜோதிகாவிடம் இன்றைக்கும் திட்டு வாங்குகிறான்.

"வியாழக்கிழமை விடியக்காலம் யாரும் தூங்கிராதீக. நிலா போயி கேட்டை நட்சத்திரத்தை மறைக்குது. எல்லா வருசமும் வாய்க்காது."

கோகிலவாணியின் கையிலிருந்த பனியன் கீழே விழுந்தது. வியாழக்கிழமை. ஆபரேஷன் அன்றைக்கு. அவளுடைய நட்சத்திரத்தை அன்றைக்கு நிலா விழுங்கப் போகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவளுக்கு உலகத்தில் ஒரு ஆள் இல்லை. மற்றவர்கள் வேலைக்குத் திரும்பியதும் முனீஸை நிறுத்தினாள்.

"அந்தக் கேட்டைங்கறது எப்படி இருக்கும், முனீசு? நான் பாத்ததே இல்ல."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்த ஒன்றை ஒரு நாளாவது தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

"செவப்பா இருக்கும்க்கா. ஆனா அது ஒத்தை இல்ல, ரெண்டு. ஒண்ணு பெருசு. வயசாகி ஊதிப்போயிருக்கு. நம்ம சூரியன் இருக்குற எடத்துல அதைத் தூக்கி வச்சா, பூமியையும் தாண்டி ரொப்பிரும். பக்கத்துல ஒரு சின்னது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சுத்துது. ஒரு சுத்துக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல ஆகுமாம். பெருசோட வெளிச்சத்துல சின்னது கண்ணுக்கே தெரியாது."

"சின்னது என்ன பண்ணுது, பெருசை?" என்று கேட்டாள் அவள். "அதைத் திங்குதா?"

"அது ஒண்ணுமே பண்ணலக்கா. பெருசுதான் தானாக் கரைஞ்சிக்கிட்டு இருக்கு. தன் உடம்பையே காத்தா ஊதி விடுது. நம்ம நிட்டிங் ஹால்ல பஞ்சு பறக்குதுல்ல, அது மாதிரி. சின்னது அந்தப் பஞ்சுக்குள்ள உக்காந்துருக்கு. அதுவும் சூரியனை விடப் பெருசுதான், இதுகிட்ட நிக்கிறதால பொடிசாத் தெரியுது. பெருசு ஒருநா வெடிக்கும். நாளைக்கும் வெடிக்கலாம், லட்சம் வருசமும் ஆகலாம்."

"அன்னைக்கு அந்தச் சின்னதுக்கு என்ன ஆகும்?"

முனீஸ் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தான். "பக்கத்துலயே இருக்குறதுல்லக்கா. அதுக்கு எங்க தப்பிக்க?"

கோகிலவாணி இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு மாதிரிப் பயம். கேட்டை மூத்தவரை என்ன செய்யும் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள்; மூத்தவர் போய்விட்டால் கேட்டையின் கதி என்ன என்று யாரும் கேட்டதில்லை. அப்பன் செய்த திருட்டு என்றைக்காவது வெளியே வந்தால் சதீஷ்குமார் அவளை எந்தக் கண்ணால் பார்ப்பான்? ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகக்கூடாது, ஷிப்மெண்ட் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சதீஷ்குமாரிடமிருந்து போன் வந்தது. அண்ணன் அவளைக் கூட்டிவரச் சொல்கிறார், தனியாகப் பேச வேண்டுமாம். சொன்னபடி அவனே காரை எடுத்துக்கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டான்.

கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை அவளுக்குக் கை கால் ஓடவில்லை. தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். கருமத்தம்பட்டி தாண்டும்போது காரை நிறுத்தச் சொல்லி ரோட்டோரமாக வாந்தி எடுத்தாள். சதீஷ்குமார் முதுகைத் தடவிக் கொடுத்தான். என்ன கெரகம் புடிச்சுதோ நம்ம குடும்பத்த, என்று அவன் சொன்னது அவளுக்காகவே சொன்னது போலிருந்தது.

கதிர்வேல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய உடம்பு ஆஸ்பத்திரித் துணிக்குள் தொளதொளவென்று கிடந்தது. சுலோச்சனாவையும் தம்பியையும் வெளியே போகச் சொன்னார்.

"உக்காரு அம்மிணி."

அவள் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்ற நட்சத்திரம் கேட்டைன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்குக் காது அடைத்துப்போயிற்று. அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"ஆரும் சொல்லிக் குடுக்கல. உங்கொப்பனே சொன்னாரு. நிச்சயத்துக்கு முன்னாடி கம்பெனிக்கு வந்தாரு. 'ஜாதகத்த மாத்தித்தானுங்க வெச்சிருக்கறன், ஆனா உங்க உசுரோட வெளையாட மனசு வரலீங்க, நீங்களே சொல்லுங்க'ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. நாந்தான் சொன்னேன், அனுஷமாவே இருக்கட்டும், எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லீங்கன்னு. சதீசு உன்னையத் தவிர வேற புள்ளையக் கட்டமாட்டேன்னு உக்காந்துட்டான். எனக்கு அப்ப எளவயசு. சாவெல்லாம் அடுத்தவனுக்குன்னு நெனப்பு."

அப்பன் திருடவில்லை. யாருக்கு ஆகாதோ அவரிடமே போய்க் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறார். செத்த மனுஷனை எத்தனை வருஷம் வைதிருக்கிறாள்.

"அப்பறம் வண்டில உளுந்தேன் பாரு," என்றார் கதிர்வேல். "ரோட்ல கெடக்கறப்ப மொதல்ல உன்ற மொகந்தான் நெனப்புக்கு வந்துச்சு. அன்னைக்குப் புடிச்சுது பயம். ஊட்ட விட்டே ஓடிட்டேன். சுலோச்சனாவ ஊரே பேசுச்சு, அவகிட்டக்கூட நான் சொல்லல. நீ கண்ணாடி வழியாப் பாக்கறப்பெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும்."

"நானும் பயந்துட்டேதானுங்க மாமா இருந்தேன்."

"நீ எதுக்கு பயப்படறே?"

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னுதானுங்க. அதுக்குத்தானுங்க பாத்துட்டே இருந்தது."

கதிர்வேல் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. இனி ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

"நாளைக்கு நீ இங்க இருக்க வேண்டாம் அம்மிணி. நான் கண்ணு முழிக்கற வரைக்கும் இந்தப் பக்கமே வராத. தப்புன்னு தெரியுது. ஆனா எனக்கு பயமா இருக்குது."

"செரிங்க மாமா," என்றாள்.

தானாகவே எடுத்த முடிவுதான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது அறை வாங்கியது போலத்தான் இருந்தது. வெளியே வந்ததும் சதீஷ்குமார் என்ன பேசினார் என்று கேட்டான். ஷிப்மெண்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று சொல்லிவிட்டாள். பொய்களோடு இன்னொரு பொய்.

வியாழக்கிழமை கோழி கூப்பிடுகிற நேரத்துக்குக் கம்பெனி மொட்டை மாடிக்கு ஏறினாள். முனீஸும் ஜோதிகாவும் டெலஸ்கோப்போடு நின்றிருந்தார்கள். தேய்பிறை நிலா தெற்கே நின்றது. கீழே குழாயடியில் ஒடிசாப் பையன்கள் வாளியை உருட்டிக்கொண்டு இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டை ஏற்கெனவே நிலாவுக்குப் பின்னால் போய்விட்டது என்றான் முனீஸ். இருட்டாக இருக்கிற பக்கத்திலிருந்து வெளியே வரும், கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொன்னான்.

அவள் குனிந்து கண்ணை வைத்தாள். ஒன்றுமில்லை. நிலாவின் இருண்ட விளிம்புகூட லேசாகத்தான் தெரிந்தது. கோயமுத்தூரில் இந்நேரம் அவரைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். மார்பை மழித்து, பச்சைத் துணி போர்த்தி.

திடீரென்று அந்த விளிம்பில் ஒரு பொட்டு. ஊசிமுனை அளவுதான். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். பக்கத்தில் எதுவும் இல்லாமல் அது மட்டும் நின்றது.

"தெரியுதாக்கா? அதான் சின்னது. அதுதான் முன்னாடி வரும்."

"பெருசு எங்க?"

"வரும்க்கா."

வரவில்லை. அந்தப் பொட்டு தனியாகத்தான் நின்றது. பெருசு போய்விட்டது, சின்னது மட்டும் மிச்சம் இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை. தன்னை அறியாமல் அவள் உதடு அசைந்தது.

"வந்துருங்க மாமா. வந்துருங்க."

முனீஸும் ஜோதிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மூச்சுக்கு, செக்கச்செவேலென்று பெரியது வெளியே வந்துவிட்டது. அதன் வெளிச்சத்தில் சின்னப் பொட்டு இருந்த இடம் தெரியவில்லை. கோகிலவாணி மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜோதிகா தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் சதீஷ்குமார் கூப்பிட்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்துவிட்டார், தண்ணீர் கேட்டார். கோகிலவாணி துணி ரோல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கம்பெனிப் பெண்கள் எல்லோரும் கூடச் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அழுது முடித்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த நினைப்பு வந்தது. நான் அங்கே இல்லை, அதனால் அவர் பிழைத்தார். அப்படியானால் அந்த நம்பிக்கை நிஜம்தானோ? இத்தனை வருஷமும் அது ஒரு பேச்சு. இப்போது ருசுவாகிவிட்டது. கதிர்வேலும் இப்படித்தான் நினைப்பார், நினைக்காமல் இருக்க அவரால் முடியாது. இனி அவர் இருக்கிற இடத்தில் இவள் இருக்கவே கூடாது. சாகிறவரைக்கும்.

அவள் நினைத்தது போலத்தான் நடந்தது. கதிர்வேல் வீடு திரும்பினார். பார்க்கப் போகிற நாளெல்லாம் கோகிலவாணிக்குக் கம்பெனியில் ஏதாவது ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அவளுடைய செக்கிங் மேஜையைப் பின்பக்க ஹாலுக்கு மாற்றினார்கள், வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கிறதாம். சித்திரையில் திருமுருகன்பூண்டியில் வேண்டுதல் நிறைவேற்ற நாள் பார்த்தபோது, சதீஷ்குமார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அண்ணன் உன்னையக் கம்பெனியப் பாத்துக்கச் சொல்றாரு கோகிலா. என்னமோ, பெரியவரு சொல்றாரு, உட்ரு."

வேண்டுதல் அன்றைக்கு அவன் போன பிறகு கோகிலவாணி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். சன்னதியில் அவர்கள் நின்றிருந்தார்கள். கதிர்வேல் இளைத்திருந்தார்; சட்டைப் பொத்தானுக்கு மேலே தையல் தழும்பின் நுனி தெரிந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள். இப்போது இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் நான்தான் கொன்றவள் என்று தெரிந்தேதான் நின்றாள்.

குருக்கள் கேட்டுக்கொண்டு வந்தார். கதிர்வேல், மகம். சுலோச்சனா, ரோகிணி. சதீஷ்குமார், திருவோணம்.

"அம்மா?"

"கோகிலவாணி," என்று சுலோச்சனாவே ஆரம்பித்தாள். "விருச்சிகம், அனுஷ..."

"இல்லீங்க சாமி," என்றாள் கோகிலவாணி. "கேட்டை."

குருக்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கேட்டதைத் திரும்ப ஒரு முறை முணுமுணுத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சதீஷ்குமார் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கதிர்வேலின் கை தானாகத் தழும்புக்குப் போயிற்று. கால் அரை அடி விலகியது. அவர் விலக்கவில்லை, அதுவே விலகியது. கோகிலவாணி அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வராதே என்று சொன்னபோது வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது.

சுலோச்சனா புருஷனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"எப்பருந்துங்க?"

அவர் தழும்பிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப இதுக்குத்தான் அந்த ஊட்ட விட்டு வந்தமுங்களா? ஊரே என்னையச் சொல்லுச்சே. கேட்டுட்டுத்தானே இருந்தீங்க."

கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே பட்டறையில் உளிச் சத்தம் விடாமல் கேட்டது. கோகிலவாணி அவர் பக்கம் திரும்பாமல், சாமியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் பயந்தானுங்க மாமா. இனி தள்ளி நின்னு பயப்பட என்னால முடியாதுங்க. இங்கயே நின்னு பயந்துக்கறேன்."

உள்ளே மணி அடித்தது. தீபாராதனை ஆயிற்று. குருக்கள் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார். கதிர்வேல் தட்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு விலகிய அரை அடியைத் திரும்ப எடுத்து வைத்தார். தீபத்தைத் தொட நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டினார். அவர் ஒற்றிக்கொண்டதும் தட்டு கோகிலவாணியிடம் வந்தது. அவளும் இரண்டாவது தடவைதான் தொட்டாள்.